நிரம்பாத கட்டம்

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டவர்களில், போக வீடு இல்லாதவர்கள் சாமியின் இல்லத்துக்கு வந்தார்கள். எட்டுக் கட்டில்கள். வந்தவர்கள் சில நாள் இருந்தார்கள். பிறகு போனார்கள்.

சாமிக்கு எண்பது வயது. கூட இருந்த நல்லபெருமாளுக்கு ஐம்பத்தாறு. நூற்பாலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுச் சாமியிடம் வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் மாலை அவர் மடிக்கணினியோடு சாமியின் அறைக்கு வந்தார். மூன்று பேருக்குப் படுக்கை மாற்றிய களைப்பு முகத்தில் இருந்தது.

"எக்செல்ல கணக்கு சரியா வரமாட்டேங்குது சாமி."

"என்ன கணக்கு?"

"யார் எத்தனை நாள் இருந்தாங்கங்கிற கணக்கு. ஒரு கட்டத்துல வந்த தேதி. பக்கத்துல கடைசித் தேதி. அதுலருந்து இதைக் கழிச்சா நாள் வந்திரும். போனவங்களுக்கெல்லாம் சரியா வருது."

"இருக்கிறவங்களுக்கு?"

"மைனஸ் நாப்பத்தையாயிரத்துச் சொச்சம்னு வருது. கடைசித் தேதி காலியா இருக்கில்லையா, அதைச் சைபர்னு எடுத்துக்குது."

சாமி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"செத்தாத்தான் கணக்குக்குள்ள வருவாங்களாக்கும்."

"விளையாட்டில்ல சாமி. ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தங்க மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. ஒரு கிழவி போக இடமில்லாம உக்காந்திருக்கு. நம்மகிட்ட கட்டில் இல்ல. மூணு மாசம் தாண்டினவங்களை அனுப்பிரலாம்னு முடிவு பண்ணினோமே."

"நீ சொன்னே. நான் தலையாட்டினேன். யாரை அனுப்பணும்?"

"சொரிமுத்துவை. பத்து நாள் தாங்கமாட்டான்னு டாக்டர் சொன்னவன். மழைக்கு முன்னாடி வந்தான். இன்னும் இருக்கான்."

நல்லபெருமாள் மடிக்கணினியைச் சாமியின் ஜன்னலோரக் கட்டிலில் வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும் சாமி. அவன் பேருக்கு நேரே அந்தக் கட்டம் காலியா இருந்தது. நான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"நிரம்பிராதான்னு."

நல்லபெருமாள் திரையை மூடினார்.

"சோறு ஊட்டுறேன், கழுவி விடுறேன். உள்ளுக்குள்ள, எப்ப முடியும் எப்ப முடியும்னு எண்ணிக்கிட்டிருக்கேன். நான் என்ன மனுசன் சாமி?"

"அவன் கஞ்சி குடிச்சானா?"

"இல்ல."

"எடுத்துக்கோ. அந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கோ. போவோம்."

சொரிமுத்து லாரி ஓட்டியவன். வாசலை ஒட்டிய கட்டில் அவனுடையது. ரோட்டில் போகும் வண்டிகளின் சத்தம் கேட்கும் என்று அவனே கேட்டு வாங்கிய இடம்.

சாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "சொரிமுத்து, உன் கடைசித் தேதி என்னடா? இவர் கம்ப்யூட்டர்ல போடணுமாம்."

நல்லபெருமாள் தரையைப் பார்த்தார்.

"டாக்டர் ஒண்ணு குடுத்தாரு சாமி. பஸ்ஸ விட்ட மாதிரி அதை விட்டுட்டேன்" என்றான் சொரிமுத்து. "அடுத்தது எப்பன்னு யாரும் சொல்லல. அண்ணாச்சி, கஞ்சியில இன்னைக்காவது உப்புப் போட்டியளா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப இன்னைக்கு இருக்கேன்."

நல்லபெருமாள் கஞ்சியை ஊட்டினார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டார்.

சாமி கேட்டார்: "அந்தக் காலிக் கட்டத்துல இன்னைக்குத் தேதியப் போட முடியாதா?"

"முடியும். அதுக்கு ஒரு பார்முலா இருக்கு. ஆனா தினமும் தேதி மாற மாற எண்ணும் மாறிக்கிட்டே இருக்கும். முடிவா ஒண்ணு நிக்காது."

"போடு."

போட்டார். எட்டுப் பேருக்கும் மைனஸ் போய்விட்டது.

"அதிக நாள் இருக்கிறவங்க மேல வர்ற மாதிரி அடுக்கலாமா?"

அடுக்கினார். சொரிமுத்து தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான். முதல் வரியில் தன் பெயர் இருந்தது.

"நான்தான் பஸ்ட்டா அண்ணாச்சி? பள்ளிக்கூடத்துலகூட வந்ததில்ல."



"ஒரு பேர் விட்டுப்போச்சு" என்றார் சாமி.

"யார் பேர்?"

"என் பேர்."

"நீங்க எதுக்கு சாமி?"

"நானும் இங்கதான் சாப்பிடுறேன். இங்கதான் படுக்கிறேன். என்னையும் நீதான் குளிப்பாட்டி விடுறே. வந்த தேதி, இந்தக் கட்டடத்துக்குக் கூரை போட்ட நாள்."

அந்தத் தேதி வாசல் கல்லிலேயே இருந்தது. நல்லபெருமாள் அதைத் தட்டினார். மறுபடி அடுக்கினார். சாமியின் பெயர் எல்லோருக்கும் மேலே போய் நின்றது. சொரிமுத்துவின் பெயர் ஒரு வரி கீழே இறங்கியது.

"பாத்தியா" என்றார் சாமி. "மூணு மாசம் தாண்டினவங்கள்ல முதல் ஆள் நான்தான்."

எழுந்து தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு கக்கத்தில் பாய் இருந்தது. கையில் சொம்பு.

"நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணு. கட்டில் இருக்குன்னு சொல்லு. ஜன்னலோரம். காத்து வரும்."

"சாமி, உங்க முதுகுக்குத் தரை ஆகாது. எங்க படுப்பீங்க?"

"இங்கதான்." சொரிமுத்துவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டார்.

"எத்தனை நாளைக்கு?"

சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கால்களை நீட்ட நேரமாயிற்று.

"இன்னைக்குத் தேதியப் போட்டு வை. நாளைக்கு அதுவே மாறிக்கும்."