இரண்டாவது குழாய்

பரிசு ஒன்று, கேட்டு நின்றவர்கள் இருவர், தீர்ப்பெழுத வேதியியல் பேராசிரியை மங்கையர்க்கரசி. தெரிந்தே பொய் விற்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். அன்று அப்படியொருவர் பட்டு வேட்டியில் எதிரே நின்றார்.

சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தின் பள்ளிச் சமையலறையில், வெயிலின் சக்தியால் தண்ணீரைப் பிரித்து, அதில் வரும் ஹைட்ரஜனைக் கொண்டு அடுப்பெரிக்கத் திட்டம். கருவி அந்த அறைக்குள்ளேயே இருக்கும். போட்டிக்கு விதி ஒரே வரி: ஹைட்ரஜன் குழாயை முதலில் நிரப்புகிறவருக்கே கருவி அமைக்கும் வேலை, அதுதான் பரிசு. இருவருக்கும் ஒரே அளவு சோலார் தகடு, பிரியும் வாயுக்கள் தனித்தனியே சேர இரண்டிரண்டு குழாய்.

தொழிலதிபர் வில்வநாதன் தொட்டியில் கடல்நீரை ஊற்றினார். பொறியாளர் நஸீமா கிணற்றுநீரில் சலவைச் சோடாவைக் கரைத்தாள்.

அரை மணி நேரத்தில் வில்வநாதனின் இரு குழாய்களும் ஏறக்குறைய ஒன்றாக நிரம்பின. முதல் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினார், பட்டென்று வெடித்தது. கூட்டம் கைதட்டியது. நஸீமாவிடம் ஒரு குழாயில் பாதி, மற்றதில் கால்.

"அந்தப் பொண்ணு இன்னும் பாதிக் கிணறே தாண்டலையே மேடம்!" என்று சிரித்தார் வில்வநாதன்.

மங்கையர்க்கரசி அவருடைய தொட்டியருகே போனாள். பிளீச்சிங் பவுடர் போட்டு ஆஸ்பத்திரித் தரை கழுவிய வாடை மூக்கில் ஏறியது. போட்டி தொடங்கியதிலிருந்து அந்த மனிதர் காற்று வரும் பக்கத்தை விட்டு நகரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"விதிப்படி இவருக்குத்தாம்மா," என்றார் போட்டியை நடத்தும் குழுவின் தலைவர் சொக்கலிங்கம்.

"விதிப்படியே கொடுத்துடலாம் சார்." அவள் வில்வநாதன் பக்கம் திரும்பினாள். "அந்த இன்னொரு குழாயைத் திறந்து ஒரே ஒரு மூச்சு இழுங்க. கையெழுத்துப் போடறேன்." அவர் குனிந்தால் தடுக்கத் தயாராகத்தான் நின்றாள்.

அவர் குனியவில்லை. ஓரடி பின்வாங்கினார்.

செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, நஸீமாவின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

அந்தக் குழாயில் இருந்தது என்ன? விதியைக் காத்த தலைவர், விதியை மீறிய மங்கையர்க்கரசி: இருவரில் யார் செய்தது சரி?

விடை: தண்ணீர் மட்டும் பிரிந்தால் ஹைட்ரஜன் இரு பங்கு, ஆக்ஸிஜன் ஒரு பங்கு, நஸீமாவின் குழாய்கள் காட்டியது அதைத்தான். கடல்நீரின் உப்பும் சேர்ந்து பிரிந்ததால் வில்வநாதனுக்கு இரண்டும் சமமாக வந்தன. இரண்டாவதில் இருந்தது குளோரின் என்ற நச்சு வாயு. பிள்ளைகளின் சமையலறைக்குள் அதை அனுப்பும் விதி மீறப்பட வேண்டியதே. மங்கையர்க்கரசி செய்தது சரி. தலைவருக்குத் தெரியாது, மன்னிக்கலாம். பின்வாங்கியவருக்குத் தெரியும், தன் நுரையீரலுக்கு ஆகாததை ஊரார் பிள்ளைகளுக்கு விற்க வந்தவர் அவர்.