அடையாளம் நீக்கிய மாப்பிள்ளை

நொச்சியூரணி ஆஸ்பத்திரியில் காய்ச்சல், கட்டி, தேள்கடி எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. மூளைக்கு மட்டும் கிடையாது. அது தேவைப்பட்ட மூன்று பேரும் அங்கேயே வேலையில் இருந்தார்கள்.

டோக்கன் கொடுக்கும் தவசியாண்டி, கம்பவுண்டர் செம்புலிங்கம், ஆம்புலன்ஸ் டிரைவர் மாடக்கண்ணு. இவர்களில் தவசிக்குத்தான் அவசரம். அவனுக்குப் பேசிய பெண் போட்டோவில் அவன் மீசையைப் பார்த்தே சம்மதித்துவிட்டாள். மாமனார்தான் ஒரே பிடியாக நின்றார். "டோக்கன் கிழிக்கவனுக்குப் பொண்ணு கெடையாது. கம்ப்யூட்டர்ல எதையாவது படிச்சு சர்டிபிகேட்டோட வரட்டும்."

டாக்டரம்மா இரக்கப்பட்டு, மருத்துவத் தகவலியல் என்ற ஆன்லைன் படிப்பில் அவனைச் சேர்த்துவிட்டார். நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் படிப்பு. தனியாகப் படித்தால் புரியாது என்று மற்ற இருவரும் துணைக்கு உட்கார்ந்தார்கள். அதில், தவசிக்குப் புரிந்திருந்த கொஞ்சமும் புரியாமல் போனது.

திரையில் வந்த வாத்தியாரம்மா, "உங்கள் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார். மறுநாள் கம்ப்யூட்டரே அதைக் கேட்டது.

"சொல்லிராதடே" என்றார் செம்புலிங்கம்.

"கேக்குதே அண்ணாச்சி."

"கேக்கத்தான் செய்யும். நம்மள சோதிக்காவ."

மாடக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். "சொல்லக்கூடாதுன்னுதான சொன்னாவ? எழுதக்கூடாதுன்னு சொல்லலையே!"

இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, தவசி தானும் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினான். கம்ப்யூட்டர் திறக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அடுத்த பாடம்தான் வினையாக வந்தது. "நோயாளியின் அடையாளத்தை நீக்கிய பிறகே விவரங்களை வெளியே அனுப்ப வேண்டும். முதலில் உங்களை வைத்தே பழகிப் பாருங்கள்."

"அடையாளம்னா என்ன அண்ணாச்சி?"

"பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல எழுதுவாவல்லா, வலது கன்னத்துல மச்சம்னு? அதான்."

தவசியின் மச்சத்தை பிளாஸ்திரி போட்டு மறைத்தார்கள். பிறகு மூவரின் பார்வையும் மீசையில் வந்து நின்றது.

"அவளுக்குப் புடிச்சதே இதுதான்" என்றான் தவசி. மீசையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சர்டிபிகேட் இல்லாம மீசை மட்டும் போயி தாலி கட்டுமாடே?"

நியாயமான கேள்வி. தவசி அழுதுகொண்டே முகத்தைக் கொடுத்தான். அடுத்ததாக நோயாளிகளின் அடையாளத்தை நீக்க மாடக்கண்ணு அதே சவரக்கத்தியோடு வாசலுக்குப் போனான். அன்று வந்த நோயாளிகளெல்லாம் அவனைப் பார்த்ததுமே குணமாகி வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

பரீட்சை நாளும் வந்தது. கேமரா தவசியின் முகத்தைப் பார்த்தது. சேரும்போது கொடுத்த போட்டோவையும் பார்த்தது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது: "உங்களை அடையாளம் காண முடியவில்லை."

செம்புலிங்கம் துள்ளிக் குதித்தார். "ஏல, பாஸுடே! கம்ப்யூட்டருக்கே அடையாளம் தெரியல!"

அதை அப்படியே அச்செடுத்து, லேமினேட் செய்து, ஆம்புலன்ஸில் சைரன் அலற மூவரும் பெண் வீட்டுக்குப் போய் இறங்கினார்கள்.

"வாங்க, வாங்க" என்றார் மாமனார். "மாப்ள வரலியா?"

தவசிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. 'நான்தான்' என்று வாயெடுத்தவனின் தொடையைச் செம்புலிங்கம் கிள்ளினார். "அடையாளத்த வெளிய விட்டுறாத. சர்டிபிகேட்ட ரத்து பண்ணிருவாவ."

ஆகவே அவனும் எல்லோரோடும் உட்கார்ந்து மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தான். காபி வந்தது, பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. கதவோரம் நின்ற பெண்ணின் முகம் வாடிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்கத் தவசிக்கு ஆத்திரம் பொங்கியது. தட்டை வைத்துவிட்டு எழுந்தேவிட்டான்.

"இப்படிப் பொறுப்பில்லாத பயலுக்கா பொண்ணு குடுக்கப் போறீய?"

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பேச்சு பிடித்துவிட்டது. "நியாயமாப் பேசுதீய தம்பி. என் பொண்ண நீங்களே கட்டிக்கிடுதீயளா?"

தவசி பதறிக் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிருங்கய்யா. எனக்கு ஏற்கெனவே ஒரு எடம் பேசி வச்சிருக்கு."