பதின்மூன்று கட்டத்து இலை

நெடுமடுக் கரையில் செம்பாயி என்ற ஆமை கடை வைத்திருந்தது. கடை என்றால் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் சரக்கு ஒன்றும் கிடையாது.

காட்டில் யாருக்கு என்ன வேண்டுமோ அதைக் கரிச்சான் குருவியிடம் சொல்வார்கள். கரிச்சான் பறந்து வந்து செம்பாயியிடம் சொல்லும். அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறதோ அவருக்குச் செம்பாயி சொல்லி அனுப்பும். அவர் அதை இலையில் கட்டி, கேட்டவர் வாசலுக்கே நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மெதுவாக நடக்கும் ஆமைக்கு இதைவிடத் தோதான வியாபாரம் இல்லை.

ஆனால் இலை மட்டும் செம்பாயியின் இலை. செம்பாயி முதுகில் சேறு பூசிக்கொண்டு நிற்கும். கரிச்சான் தேக்கிலையை மேலே விரித்து மிதிக்கும். இலையில் பதின்மூன்று கட்டம் பதியும். ஒரு கட்டம் குறைந்தாலும் அந்த இலை கழிவு.

"உள்ளே இருக்கிறது யார் சரக்கோ, வெளியே இருக்கிறது என் முதுகு" என்று செம்பாயி சொல்லும். பத்தொன்பது மழைக்காலம் கடை நடந்துவிட்டது. ஓர் இலைகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. கூச்சம் பிடித்த ஆமைதான், நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. ஆனாலும் அந்தப் பத்தொன்பதை நினைத்தால் அதன் கழுத்து ஓர் அங்குலம் கூடுதலாக நீளும்.

அந்த வருஷம் மழைக்குப் பதினேழு நாள் இருந்தது. மழை பிடித்தால் நாற்பது நாளைக்கு ஓடை இறங்காது, யாரும் எங்கும் போக முடியாது. பன்னிரண்டு வீட்டார் வாதாங்கொட்டை கேட்டிருந்தார்கள். பொட்டலத்துக்குப் பத்து வீதம் மொத்தம் அறுபது பொட்டலம். அதில் எட்டு, மேற்குப் பாறைமேல் இருந்த அணில் வரியாளுக்கு. அதற்கு நாலு குட்டி, இன்னும் கண் திறக்கவில்லை. குட்டிகளை விட்டுவிட்டு வரியாளால் மரம் மரமாக அலைய முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு கொட்டை வீதம் எண்பது இருந்தால் மழையைத் தாண்டிவிடலாம்.

வழக்கமாகக் கொட்டை கொடுக்கும் மரநாய் குடும்பத்தோடு கிழக்கே போய்விட்டது. புதிதாக ஒருவரைப் பிடித்தாக வேண்டும்.

இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் துரைக்கண்ணு என்ற குரங்கு கிளையிலிருந்து குதித்தது. "எத்தனை வேணும் அக்கா? அறுபதா? அறுநூறு கேளுங்க. கிடங்கு நிறையக் கிடக்கு. மேற்குப் பாறையா, கிழக்குக் காடா, எங்கே சொன்னாலும் மறுநாள் போய்ச் சேரும்."

அடுத்துக் குழியாண்டி என்ற பெருச்சாளி வந்தது. உடம்பெல்லாம் செம்மண்.

"முப்பத்தேழு பொட்டலம் தேறும். அதுக்கு மேல இல்லை" என்றது.

"இன்னும் கொஞ்சம் சேர்க்க முடியாதா?"

"இல்லாததை எப்படிச் சேர்க்கிறது? இன்னொண்ணும் சொல்லிடறேன். மேற்குப் பாறை ஏற மாட்டேன். கால் வழுக்கும். பாறை அடி வரைக்கும்தான்."

கரிச்சானுக்குச் சிரிப்பு. "வியாபாரம் பேச வந்தியா, வேண்டாம்னு சொல்ல வந்தியா, மாமா?"

"ரெண்டையும் இப்பவே பேசிடலாம்னு வந்தேன்" என்றது குழியாண்டி.

இருவரிடமும் செம்பாயி ஒவ்வொரு பொட்டலம் மாதிரிக்குக் கேட்டது. மறுநாள் வந்தது. ஒவ்வொரு கொட்டையாகக் காதருகே ஆட்டிப் பார்த்தது. குரங்கின் பொட்டலத்தில் பத்துக்குப் பத்தும் நல்லது. பெருச்சாளியின் பொட்டலத்திலும் பத்துக்குப் பத்து. மண் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றது கரிச்சான். "அப்புறம் என்ன யோசனை? நிறைய வச்சிருக்கிற துரைக்கண்ணுவையே பிடிச்சுக்கலாம்."

செம்பாயி கொட்டைகளைத் திரும்பக் கட்டி வைத்தது. பிறகு, "இது எனக்கு வந்த பொட்டலம். கடைக்காரிக்கு எவன் சொத்தையைக் கொடுப்பான்?" என்றது. "குறை சொல்லத் தெரியாத வீட்டுக்கு என்ன போகுதுன்னு பார்க்கணும்."

காட்டிலேயே குறை சொல்லத் தெரியாதது மேற்குப் பக்கத்துச் சருகுமான். அதன் பெயர் பூவாத்தா. காலை மிதித்தால்கூட மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்கும். "பூவாத்தா ஒரு பொட்டலம் கேட்கிறாள், நாலாம் நாள் கொடு" என்று துரைக்கண்ணுவிடம் கரிச்சான் ஓர் இலையைக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தது.

செம்பாயி பாறையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியது.

"நீயா போறே?" என்று கரிச்சான் வாயைப் பிளந்தது. "நான் பறந்து போய்ப் பார்த்துட்டு வந்துட மாட்டேனா?"

"உன்னைப் பார்த்தால் அவன் ஒழுங்காக இருப்பான். என்னை யாரும் கல்லுன்னுதான் நினைப்பாங்க."

மூன்று பகல் நடந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆமை மடுவை விட்டு அவ்வளவு தூரம் போனதில்லை. பூவாத்தாவின் புதருக்கு இருபது அடி முன்னால் வழியோரமாகத் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

நாலாம் நாள் வெயில் ஏறியபோது துரைக்கண்ணு பொட்டலத்தோடு வந்தது. புதரை எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. வசதியாக ஒரு கல் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தது.

பொட்டலத்தை அவிழ்த்தது. ஒரு கொட்டையை உடைத்துத் தின்றது. இன்னொன்றையும் தின்றது. மூன்று. நான்கு. பிறகு கன்னத்தில் அடக்கி வைத்திருந்த நான்கு சொத்தைக் கொட்டைகளைத் துப்பித் துடைத்து உள்ளே வைத்தது. கட்டியது.

"துரைக்கண்ணு" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "எழுந்திரு. நீ உட்கார்ந்திருக்கிறது என் கடைமேல."

குரங்கு எகிறி விழுந்தது.

"அக்கா! நீங்களா? வழியில பசிச்சுது, அதான்…"

"கிடங்கு நிறைய வச்சிருக்கிறவனுக்கு வழியில ஏன் பசிக்குது?"

குரங்கு தலையைச் சொறிந்தது.

செம்பாயி பொட்டலத்தைப் பிரித்தது. மிச்சமிருந்த ஆறு நல்ல கொட்டைகளிலும் செம்மண் ஒட்டியிருந்தது. அந்த மண்ணை அது முன்பே பார்த்திருக்கிறது.

"இது குழியாண்டி வளையிலிருந்து வந்தது. உன் கிடங்கு எங்கே?"

"கிடங்குன்னா… கேட்டால் அவர்கிட்ட வாங்கிட்டு வருவேன். வாழைப்பழம் கொடுத்தால் அவர் தருவார். அதுதான் கிடங்கு."

"அறுநூறுன்னு சொன்னியே."

"கேட்கிறப்போ இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல அக்கா?"

அதற்குள் பூவாத்தா புதரிலிருந்து தயங்கித் தயங்கி வந்தது. "பரவாயில்லை அக்கா, ஆறு நல்லாத்தானே இருக்கு" என்றது. "நாலுதானே போச்சு. நீங்க ஏன் இவ்வளவு தூரம் நடந்து…"

"நாலுதான்" என்றது செம்பாயி. "ஆனால் பதின்மூணு கட்டமும் இலைமேல இருக்கே, தங்கச்சி."

துரைக்கண்ணு மெல்ல நழுவியது.

திரும்பும் வழியில் செம்பாயி, தேடி வந்த கரிச்சானோடு பெருச்சாளியின் வளைக்குப் போனது. மழைக்கு ஒன்பது நாள்தான் மிச்சம்.

"முப்பத்தேழில் இப்போ எத்தனை இருக்கு?"

"உங்களுக்கு ஒண்ணு மாதிரி கொடுத்தேன். முப்பத்தாறு. குரங்குக்குன்னு எடுத்து வச்சதை அன்னைக்கே கழிச்சுட்டுத்தான் முப்பத்தேழு சொன்னேன்."

செம்பாயி அவ்வளவையும் வெளியே எடுக்கச் சொல்லி எண்ணியது. முப்பத்தாறு. மறுபடியும் எண்ணியது. முப்பத்தாறுதான். ஆறு பொட்டலத்தைப் பிரித்து ஆட்டிப் பார்த்தது. அறுபதும் நல்ல கொட்டை.

பிறகு கேட்ட வரிசைப்படி வீடுகளின் கணக்கைக் கூட்டியது. முதல் ஆறு வீட்டுக்கு இருபத்தெட்டு. ஏழாவது வரியாள், எட்டு. சரியாக முப்பத்தாறு. அதோடு தீர்ந்தது. அதன்பின் ஐந்து வீடு, இருபத்துநாலு பொட்டலம்.

"கரிச்சா, அந்த ஐந்து வீட்டுக்கும் இல்லைன்னு இன்னைக்கே சொல்லிடு. ஒன்பது நாள் இருக்கு, அவங்களே பொறுக்கிக்கலாம். வரியாளுக்கு, பாறை அடி வரைக்கும்தான் வரும்னு சொல்லு."

"கடை பேரு கெட்டுப் போயிடும்" என்று கரிச்சான் புலம்பியது. "பத்தொன்பது வருஷத்துல இல்லைன்னு நாம சொன்னதே இல்லை."

"இல்லாமல் இருந்ததே இல்லை, அதனால சொல்லலை. போய்ச் சொல்லு."

ஐந்து வீட்டாரும் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அன்றைக்கே கொட்டை பொறுக்கக் கிளம்பினார்கள். முள்ளம்பன்றி மட்டும், "துரைக்கண்ணு நாளைக்குத் தருவான்" என்று சும்மா இருந்தது. துரைக்கண்ணு ஒன்பது நாளும் நாளைக்கு என்றே சொன்னது.

குழியாண்டி எட்டுப் பொட்டலத்தையும் பாறை அடியில் இறக்கியது. நாலு நடையில் வரியாள் அவற்றை மேலே கொண்டுபோனது. கடைசி நடையில் முதல் துளி விழுந்தது.

நாற்பது நாள் பெய்தது. செம்பாயி மடுவின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு இரண்டாக வரியாளின் எண்பதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தது.

ஓடை இறங்கியதும் கடைப் பாறைக்கு ஏறி வந்தது. அங்கே ஏற்கெனவே கூட்டம். முன்வரிசையில் நின்றது அதே ஐந்து வீட்டார். முள்ளம்பன்றி மற்றவர்களைவிடப் பாதி உடம்பாக இருந்தது.

"அடுத்த மழைக்கு எங்க பேரை முதல்ல எழுதிக்கோ" என்றது அந்த ஐவரில் ஒன்றான உடும்பு. "நீ இல்லைன்னு சொன்னதாலதான் நாங்க பிழைச்சோம்."

"நான் பட்டினி கிடந்தேன், என்னை இன்னும் முதல்ல எழுது" என்றது முள்ளம்பன்றி.

அப்போது பாறைமேல் சிறுசிறு கால்கள் ஓடின. வரியாள் வந்தது. பின்னால் குட்டிகள். ஒன்று, இரண்டு, மூன்று. செம்பாயி கழுத்தை நீட்டியது. நான்கு. நான்கும் கொழுகொழுவென்று இருந்தன.

வரியாள் எட்டு இலைகளைச் செம்பாயியின் முன்னால் வைத்தது. "எண்பதில் எண்பதும் நல்லது அக்கா. இலையைத் தூக்கிப் போட மனசு வரலை."

கடைசிக் குட்டி ஆமையின் முதுகில் ஏறி, கட்டங்களை எண்ணத் தொடங்கியது. பதின்மூன்று வரை எண்ணியது.

செம்பாயி கூச்சத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஆனால் குட்டி எண்ணி முடிக்கும்வரை முதுகை அசைக்கவே இல்லை.

எல்லாம் இருக்கிறது என்று சொல்பவரைவிட, இவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்பவரை நேரில் போய்ப் பார்த்து நம்பி வாங்குங்கள். அவர் கொடுக்கும் பொருள்மேல் உங்கள் பெயரைத் தலைநிமிர்ந்து போடலாம்.