ஆறுச்சாமியின் இடது கால்

“அம்மிணி, இந்த வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது” என்றார் ஆறுச்சாமி.

வளர்மதி வண்டியைப் பார்த்தாள். முன்சக்கரம் சாக்கடைக்குள் கிடந்தது. பின்சக்கரம் இரண்டும் ஒன்றும் தெரியாத பிள்ளைகளைப்போலத் தெருவில் நின்றன. ஆறுச்சாமியின் பேண்ட்டில் முழங்கால் வரைக்கும் சேறு.

“நீங்க என்ன சொன்னீங்ணா?” என்று கேட்டாள்.

இதற்கு என்னவென்று பதில் சொல்வது? வண்டியிடம் யாராவது பேசுவார்களா?

கோயம்புத்தூர் பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற சந்துகளுக்கெல்லாம் பார்சல் கொண்டுபோகிறவர் அவர். முதலில் சைக்கிளில் போனார். அப்புறம் மொபெட்டில். இப்போது கம்பெனி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பேட்டரி வேன் வந்து வீதி முனையில் பார்சலை இறக்கும். வேன் திரும்ப முடியாத சந்துகளுக்குள் பேட்டரி வைத்த மூன்று சக்கரச் சைக்கிள் போகும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, அதன்மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. இதை ஓட்டிக் காட்டுகிறவருக்குச் சந்து. ஓட்டத் தெரியாதவருக்கு பைபாஸ் தாண்டி குடோனில் வேலை.

குடோன் நல்ல வேலைதானே, நிழலில் இருக்கலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே வலிக்கும்.

மனைவி பாப்பாத்தி தவறிப்போனபிறகு ஆறுச்சாமியைப் பார்த்து “சாப்டீங்களா” என்று கேட்க அந்தச் சந்துகளில்தான் ஆள் இருந்தது. வளையல் கடையில் கேட்பார்கள். தையல் கடையில் கேட்பார்கள். அதற்காகவே அவர் சாப்பிடாமல் வருவதும் உண்டு. ஆனால் எந்தக் கடையிலும் இறங்கி உட்கார்ந்தது கிடையாது. இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வண்டிமேல் இருந்தபடியே நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். உட்கார்ந்தால் நெஞ்சுக்குள்ளே எதுவோ சரிகிற மாதிரி இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சந்துதான் இப்போது கையைவிட்டுப் போகப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும்.

கொடுமை என்னவென்றால், சைக்கிளே ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் ஏறின கையோடு இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்காமல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சைக்கிள் ஓட்டின ஆறுச்சாமி மட்டும் ஏறினால் சாக்கடை, ஏறினால் சுவர். மெக்கானிக் வந்து சக்கரம், பிரேக், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்தான். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆறுச்சாமியை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனான்.

அதனால்தான் அவர் வேறு வழியில்லாமல் வளர்மதியிடம் வந்தார்.

ஓட்டப் பழக்கிவிடுவதற்கென்று கம்பெனி வைத்த ஆள் அவள். ஆறுச்சாமிக்கு மகள் வயதுதான் இருக்கும். கம்பெனி டிப்போவில் எல்லாரும் அவளைக் குருவம்மா என்பார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொன்னாள் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று ஒருவன் வந்து புலம்பினால், அவனைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். மறுநாள் அவன் ஏற்றத்தில் போய்க்கொண்டிருப்பான். எப்படி என்று அவனுக்கும் தெரியாது.

“உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா, அம்மிணி?”

“தெரியாதுங்ணா.”

“மொபெட்டு?”

“அதுவும் தெரியாதுங்ணா.”

“அப்புறம் நீ எனக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்ப?”

“அதுதான் எனக்கும் தெரியலீங்ணா” என்று சொல்லிவிட்டு, சாக்கடையிலிருந்து வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தாள்.

டிப்போ முற்றத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆறுச்சாமி ஏறப் போனார். வளர்மதி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஹேண்டில்பாரை நேராக வைத்து, பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள்.

வண்டி போயிற்று. யாரும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், கோடு போட்ட மாதிரி முற்றத்தின் அந்தக் கடைசிவரைக்கும் போய், அடுக்கி வைத்திருந்த சாக்குகளில் மெல்ல முட்டி நின்றது.

“போகுதுங்ணா” என்றாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

ஆறுச்சாமி வண்டியைப் பார்த்தபடியே நின்றார். இதற்கு என்ன அர்த்தம்? ஆள் இல்லாவிட்டால் வண்டி நன்றாகப் போகும் என்றா? அப்படியென்றால் நீ வேண்டாம், குடோனுக்குப் போ என்று சுற்றி வளைத்துச் சொல்கிறாளா? வெளியே சொல்லத் தெரியாத ஒரு வலி அவருக்கு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு யோசனை செய்துகொண்டு வந்தார். வண்டி தானாகத்தானே போனது, அதனால் நாமும் விட்டுப் பார்ப்போம் என்று ஹேண்டில்பாரைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார். சுவரில் போய் முட்டியது. சரி, இது ஆகாது என்று இரும்புப் பிடியாகப் பிடித்தார். சாக்கடைக்குப் போயிற்று. வலது பக்கம் சாய்ந்து பார்த்தார், இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். சாயச் சாய வண்டி வேறு எங்கேயோ போனது. பார்த்துக்கொண்டிருந்த வேன் டிரைவர், அண்ணனுக்கு இன்றைக்குத் திசை சரியில்லை என்று சொல்லிச் சிரித்தான்.

ஆறுச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

“நான் என்ன பண்ணோணும்? அதையாச்சும் சொல்லு, அம்மிணி.”

“ஒண்ணும் பண்ண வேண்டாங்ணா.”

“ஒண்ணும் பண்ணலீன்னா உளுந்துருமே!”

விழுந்துவிடும் என்று அவர் சொன்னதைக் கேட்டதும், வளர்மதி அவரை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆறுச்சாமி மனதைத் தேற்றிக்கொண்டு, ஓட்டிக் காட்டவெல்லாம் முடியாது, குடோனுக்கே போய்விடுகிறேன் என்று சொல்ல வந்திருந்தார். வளர்மதி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. போகிறதுதான் போகிறீர்கள், வளையல் கடைக்கு ஒரு பார்சல் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள். பெட்டியின்மேல் ஏறி, முதுகை அவர் பக்கம் காட்டி, பின்னால் பார்த்தபடி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஒரு பொட்டலம் கடலை.

போகிற வழியைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற இவளை என்னவென்று சொல்வது? ஆறுச்சாமிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே மிதித்தார்.

அந்தச் சந்து அவருக்கு உள்ளங்கை மாதிரி. ஆனால் இந்த வண்டியில் ஏறிப் போனால் வேறு யாருடைய சந்தோ மாதிரி இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் சரிவு. வண்டி சரிகிற பக்கமே கையும் திரும்பியது. வேண்டாம் என்று அவர் உடம்பை வலப்பக்கம் இழுத்தார், கை இன்னும் இடப்பக்கம் போனது. வியர்த்து வழிந்தது. இரண்டு தடவை சாக்கடை ஓரம்வரை போய்த் தப்பித்தார். பின்னால் கடலை உடைகிற சத்தம் நிற்கவே இல்லை.

வளையல் கடைக்கு எதிரே பாத்திரக் கடைக்காரர் அண்டாக்களை இறக்கி வழியை அடைத்து வைத்திருந்தார். ஆறுச்சாமி பிரேக்கைப் பிடித்தார்.

பிடித்ததும், எத்தனையோ வருஷப் பழக்கம், இடது கால் தானாக இறங்கியது.

அங்கே தரை இல்லை. சாக்கடை மூடியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். கீழே கறுப்புத் தண்ணீர். ஆறுச்சாமி திடுக்கிட்டுக் காலை மேலே இழுத்தார். ஊன்ற இடம் இல்லை. அவ்வளவுதான், வண்டியும் குருவம்மாவும் பார்சலும் எல்லாம் ஒன்றாகச் சரியப் போகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“ஆறுச்சாமி அண்ணே, சாப்டீங்களா?” என்று வளையல் கடை அமீனாம்மா கேட்பது காதில் விழுந்தது.

கண்ணைத் திறந்தார். அண்டாக்கள் அப்படியே இருந்தன. அமீனாம்மா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் அந்தரத்தில் நின்றது. அதை மெதுவாக, நம்பாமல், பெடலில் வைத்தார். இரண்டு காலும் இப்போது வண்டிமேல் இருந்தன. தரையில் ஒன்றுகூட இல்லை.

வண்டி தன் மூன்று சக்கரத்திலும் நின்ற இடத்தில் நின்றது.

எங்கும் காலை ஊன்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் அந்தச் சரிவு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. தோள் இரண்டும் தானாக இறங்கின.

“இன்னும் சாப்பிடலீங்கம்மா” என்று அமீனாம்மாவிடம் சொன்னார்.

பிறகு திரும்பாமலே கூப்பிட்டார்.

“அம்மிணி.”

“சொல்லுங்ணா.”

“இது உளுகலியே.”

பின்னால் ஒரு கடலை உடைந்தது.

“எப்பங்ணா உளுந்துச்சு?”