பழசுக்குப் புதுசைத் தெரியாது

நூர்ஜஹானிடம் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டிருந்த சம்பத், நூர்ஜஹானைவிடப் பத்து வயது மூத்தவர். விளையாட்டாக "குருவே" என்று கூப்பிடப் போய், அதுவே நிலைத்துவிட்டது. குரு அவரை "அண்ணே" என்பார்.

அன்று மத்தியானம் சம்பத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்தது ஓர் எம்ப்ராய்டரி கடைக்காரரின் கம்ப்யூட்டர். கடையின் தையல் மெஷின் பழைய விண்டோஸோடு மட்டும்தான் பேசும். மற்ற வேலைக்குப் புதியது வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கட்டும், திறக்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்கிறேன் என்று கொடுத்திருந்தார்.

"குருவே, புதுசு போயிடுச்சு. எத்தனை தடவை ஆன் பண்ணாலும் பழசுதான் திறக்குது."

"எதை முதல்ல ஏத்தணும்னு சொன்னேன்?"

"பழசை."

"நீங்க எதைக் கடைசியா ஏத்துனீங்க?"

"பழசை." சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கு மனசு இங்க இல்லை."

"வீட்ல சண்டையா?"

"திலகா அவ அம்மா வீட்டுக்குக் கிளம்புறா. சாயங்கால பஸ். காலையில தோசை கேக்கும்போது, அமுதான்னு கூப்பிட்டுட்டேன்."

அமுதா முதல் மனைவி. காலமாகிவிட்டார். திலகாவைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தா பரவாயில்லியே. 'இந்த வீட்ல நான் எங்க இருக்கேன்'னு கேட்டா. கல்யாணத்துக்கு முன்னாடியே அமுதா படத்தைப் பரண்ல போட்டுட்டேன். அவகிட்ட ஒரு நாளும் அந்தப் பேரை எடுத்ததில்லை. அப்படியும் வாயில வந்து தொலைக்குது. இருக்கிற அமுதா புடவை ரெண்டையும் யாருக்காவது குடுத்து, சுத்தமா அழிச்சிடப் போறேன்."

நூர்ஜஹான் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"புதுசு எங்கயும் போகலண்ணே. உள்ளதான் இருக்கு. தனக்கப்புறம் ஒண்ணு வரும்னு பழசுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வாசலை மறிச்சு உக்காந்துடுச்சு."

"அப்ப பழசைத் தூக்கிடவா?"

"தூக்கிட்டா மெஷின் யாரோட பேசும்?"

கொஞ்ச நேரம் ஏதோ தட்டினார். பெட்டி அணைந்து எழுந்தது. நேராகப் புதியது திறந்தது.

"அப்பாடா!" என்றார் சம்பத். "இப்படியே விட்டுடலாம் குருவே. பழசு ஒரு ஓரமா கெடக்கட்டும்."

"கடைக்காரர் கேட்டது இது இல்லையே."

மறுபடி தட்டினார். மறுபடி அணைந்து எழுந்தது. இப்போது கறுப்புத் திரையில் இரண்டு வரி. மேலே புதியதன் பெயர், கீழே பழையதன் பெயர்.

"புதுசு முரண்டு பிடிக்கலியே!"

"அது ஏன் பிடிக்கப் போகுது? அதுக்குப் பழசைத் தெரியும். எங்க இருக்குன்னு நாமதான் காட்டணும்."

சம்பத் அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"படத்தை எங்க மாட்டலாம் குருவே?"

"என்னை ஏன் கேக்குறீங்க? பஸ் கிளம்புறதுக்குள்ள போய் திலகாவைக் கேளுங்க."