கிணற்றுத் தண்ணீரில் பார்த்த கூடு

அந்தக் காலத்தில், பறவைக்கும் பூச்சிக்கும் பாம்புக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, தூக்கணாங்குருவியை யாரும் தூக்கணாங்குருவி என்று கூப்பிட்டதில்லை. வெறும் குருவிதான். காக்கையைப் போல அதுவும் கிளைமேல் கிண்ணம் மாதிரி திறந்த கூடு கட்டிக்கொண்டிருந்தது.

அப்படிக் கட்டியவர்களில் மஞ்சத்தலையன் ஒருவன். அவன் பெண்சாதி கீச்சி. கிணற்றோரத்துக் கருவேலமரத்தில் குடித்தனம். கீச்சி இரண்டு தடவை முட்டை வைத்தாள். இரண்டு தடவையும் சாரைப்பாம்பு ஒன்று கிளைவழியே வந்து, கூட்டுக்குள் தலையை விட்டு, ஒன்று விடாமல் விழுங்கிவிட்டுப் போனது.

“மூணாந்தடவையும் அந்தச் சாரைக்குத்தான் விருந்து வைக்கணும்னா நான் முட்டையே வைக்கல. ஏழெட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு வழி பண்ணுய்யா,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிணற்றுக்கு மேலே நீண்டிருந்த கிளையில் ஒரு குளவி வசித்தாள். அவளுடைய மண்சட்டியைப் பற்றித் தோட்டமே பேசும். சிறுநெல்லிக்காய் அளவுதான் இருக்கும். உருண்டையான வயிறு, ஒடுங்கிய கழுத்து, குயவனே வெட்கப்படும்படியான விளிம்பு. கிளைமேல் அது வாயை வானத்துக்குக் காட்டி உட்கார்ந்திருக்கும். மஞ்சத்தலையன் கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லை. குளவி யாரையும் அண்டவிட்டால்தானே!

“அக்கா, உங்க சட்டிய ஒரு தடவை பார்த்துக்கிறேன். அதே மாதிரி கட்டணும்,” என்று அடியிலிருந்து கெஞ்சினான்.

“உள்ள எம்புள்ள தூங்குது. இந்தக் கிளைப்பக்கம் தலையத் தூக்குன, கண்ணுலயே கொட்டிருவேன். பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போ.”

“பார்க்க மாட்டேங்க்கா.”

சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை மஞ்சத்தலையன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிணற்றின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தான். குனிந்த தலைக்கு நேரே, அசையாத தண்ணீரில், குளவியின் சட்டி முழுசாகத் தெரிந்தது! தண்ணீரைப் பார்க்கக்கூடாது என்று அக்கா சொல்லவில்லையே.

பார்த்தான். கிளையிலிருந்து சட்டி தொங்கியது. வயிறு மேலே, கழுத்து கீழே, வாய் அதற்கும் கீழே. தண்ணீரில் தெரிவது தலைகீழ் என்று அவனுக்கு யார் சொல்வது? தாகம் எடுத்தால் வாய்க்காலில் இரண்டு சொட்டு குடித்துவிட்டுப் பறக்கிற சாதி அது. ‘ஆகா, இப்படித் தொங்கவிட்டா கட்டுறாங்க!’ என்று வாயைப் பிளந்தான்.

அவனை மட்டமாக எடை போடாதீர்கள். கண் அளவில் அவன் சூரன். குளவியைவிடத் தான் ஏழு மடங்கு பெரியவன் என்று கணக்குப் போட்டான். அவளுக்கு அவள் உடம்பளவு வாய் என்றால் தனக்குத் தன் உடம்பளவு வாய். எல்லாமே ஒன்றுக்கு ஏழு. பனையோலையைக் கிழித்து நாராக்கி, கிணற்றுக்குமேல் நீண்ட இன்னொரு கிளையில் முடிச்சுப் போட்டுப் பின்னினான். சட்டி ஒரு நெல்மணி உயரம் மேலே போன இடத்தில் அவன் கூடு ஏழு நெல்மணி கீழே போனது. அளவு இம்மியும் பிசகவில்லை. பிசகியது திசை மட்டும்தான்.

ஏழாம் நாள் வேலை முடிந்தது. மண் எடுத்துக்கொண்டு வந்த குளவி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அட கூறுகெட்டவனே! என் சட்டியக் கவுத்துப் போட்டுக் கட்டி வச்சிருக்கியே!”

மஞ்சத்தலையன் கூனிக் குறுகிப்போனான். பிய்த்தெறியப் போனவனைக் கீச்சிதான் தடுத்தாள். “இனிமே பொறுக்க முடியாதுய்யா, முட்டை இன்னைக்கே வந்துரும். நகரு!” கீழ்வாய் வழியாக உள்ளே ஏறினாள். முட்டை உருண்டு விழாமலிருக்க வாயோரத்தில் நாராலேயே ஒரு வரப்புக் கட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் மூன்று முட்டைகள் வைத்தாள். அவள் கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மறுநாள் வெயில் ஏறுகையில் சாரை வந்தது. சாரை வழக்கம்போல மேலிருந்து தலையை நீட்டியது. அங்கே வாய் இல்லை. வழுவழுவென்று வயிறுதான் இருந்தது. வாயைத் தேடிக் கீழே சரிந்தது. இன்னும் சரிந்தது. பிடிமானம் தீர்ந்தது. தொபுக்!

கிணற்றுக்குள் விழுந்த சாரை தட்டுத்தடுமாறிப் படியேறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. கூட்டுக்குள்ளிருந்து கீச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள்.

இதையெல்லாம் தன் கிளையிலிருந்து பார்த்த குளவி மெல்லப் பறந்து இறங்கி, வாழ்நாளில் முதல்தடவையாகத் தன் சட்டியைத் தண்ணீரில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“என் வேலைக்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்குன்னு எனக்கே தெரியலையேடா,” என்றாள். பிறகு, காலில் இடுக்கிவந்த ஈரமண் உருண்டையைக் கொண்டுபோய்த் தன் பங்காக அவன் கூட்டுக்குள் ஒட்டிவிட்டுப் போனாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவியின் கூடு வாயைக் கீழே காட்டிக்கொண்டு தண்ணீருக்குமேல் தொங்குகிறது. நாராலேயே பின்னிய அந்தக் கூட்டுக்குள் எதற்கு ஓர் உருண்டை மண் என்று கேட்கிறீர்களா? குளவி அக்கா இப்போது இல்லை. அதனால் ஒவ்வொரு மஞ்சத்தலையனும் அதைத் தானே கொண்டுவந்து ஒட்டுகிறான்.