ஸ்பிரிட்டும் பவுடரும்

“எம்.எஸ்ஸி. நர்சிங்ல எந்தப் பிரிவு எடுத்தா முன்னுக்கு வரலாம், மேடம்?”

கேட்டவள் ஜெபக்கனி. வயது நாற்பத்தொன்று. எலும்பு முறிவு வார்டில் பதினாறு வருடம் நர்ஸ்.

நசீமா நர்சிங் கல்லூரிப் பேராசிரியை. கேட்டவளைவிட ஆறு வயது இளையவர். மாணவிகளை வார்டுக்குக் கூட்டி வந்திருந்தார்.

“மனநலம் எடுத்தா வெளிநாடுங்கறாங்க. குழந்தைகள் பிரிவுன்னா வாத்தியார் வேலையாம். ரெண்டு வருஷ லீவு ஒரே தடவைதான் குடுப்பாங்க. தப்பா எடுத்துட்டா தொலைஞ்சேன்.”

நசீமா அவள் கையைப் பார்த்தார். ஒன்றில் ஸ்பிரிட். இன்னொன்றில் பவுடர் டப்பா.

“இது எதுக்கு, சிஸ்டர்?”

“முதுகுக்கு. படுத்தே கிடக்கறவங்களுக்குப் புண் வராம இருக்க. சிவந்த இடத்துல நல்லாத் தேய்ச்சு விடுவோம்.”

“ஏன்?”

“எப்பவும் தேய்க்கறதுதான்.”

“ஏன்னு கேட்டேன்.”

பின்னால் ஒரு மாணவி சிரித்தாள்.

ஜெபக்கனிக்கு முகம் கறுத்தது. விண்ணப்பிக்க ஐம்பது நாள்தான் இருந்தது. வழி கேட்டால் பரீட்சை வைக்கிறாள்.

மறுநாள் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். பதிலைக் கண்டுபிடித்து அந்தம்மா முகத்தில் எறிய வேண்டும். வேறு உயர்ந்த எண்ணம் எதுவும் இல்லை.

மூன்று நாள் படித்தாள். சிவந்த தோலைத் தேய்த்தால், அடியில் நசுங்கிய சதை மேலும் கெடும். ஸ்பிரிட் தோலை வறள வைக்கும். அப்படித்தான் போட்டிருந்தது.

பதினாறு வருடம். எத்தனை முதுகு.

நாலாம் நாள் நசீமா அறைக்குப் போனாள்.

“தேய்க்கக் கூடாது, மேடம்.”

“சரி. உங்க வார்டுல?”

“தேய்க்கறாங்க.”

நசீமா மறுபடி விடைத்தாள் திருத்தக் குனிந்துவிட்டார்.

ஜெபக்கனி வார்டு இன்சார்ஜ் குருவம்மாளிடம் ஆறு கட்டில் கேட்டாள். பவுடர் கிடையாது, தேய்ப்பு கிடையாது. ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைப்பது. திருப்பியதும் அட்டையில் கையெழுத்து.

“புண் வந்தா நீ பதில் சொல்லுவியா?”

“சொல்றேன்கா.”

மற்ற ஷிப்ட் நர்சுகள் கேலி செய்தார்கள். “படிக்கப் போகுமுன்னே புரொபசரம்மா ஆயிட்டா.” கேலி செய்துகொண்டே திருப்பினார்கள்.

மூன்றாம் கட்டிலில் இடுப்பு உடைந்த லாரி டிரைவர். “ஏம்மா, தோசையா நானு? திருப்பிக்கிட்டே இருக்கீங்க.”

“கருகாம இருக்கத்தான். அந்தப் பக்கம் ஒருக்களிங்க.”

வரும்போதே அவர் முதுகு சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் சிவப்பு இல்லை.

அந்த வார்டில் மாதம் இரண்டு மூன்று பேருக்காவது படுக்கைப்புண் வரும். நாற்பது நாள் ஆயிற்று. ஆறு கட்டிலில் ஒன்றுகூட இல்லை.

அட்டைகளைப் பார்த்த நர்சிங் சூப்பரின்டென்டன்ட் எல்லா வார்டு இன்சார்ஜ்களையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டார். ஜெபக்கனியை முன்னால் நிறுத்தினார். அட்டைகளைப் படித்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “அப்ப நாங்க இத்தனை வருஷம் செஞ்சது தப்புங்கற?”

“ஆமாக்கா. நானும் செஞ்சேன்.”

“அடுத்த ஒண்ணாந்தேதியிலிருந்து எந்த வார்டுலயும் தேய்க்க வேண்டாம்” என்றார் சூப்பரின்டென்டன்ட்.

முதலில் கைதட்டியது குருவம்மாள். அப்புறம் அரங்கமே.

வெளியே வராந்தாவில் நசீமா நின்றிருந்தார். அன்றுதான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஜெபக்கனி படிவத்தை நீட்டினாள்.

“மருத்துவ-அறுவை சிகிச்சைப் பிரிவா?”

“ஆமா, மேடம்.”

“அதுல என்ன வேலை கிடைக்கும்னு விசாரிச்சீங்களா?”

“இல்ல. சர்க்கரை இருக்கறவங்களுக்கு ரெண்டு மணி நேரம் சரியா, இன்னும் சீக்கிரம் திருப்பணுமான்னு தெரியணும். நான் பார்த்த புத்தகம் எதுலயும் தெளிவா இல்ல.”

நசீமா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

“எனக்கும் தெரியாது. உட்காருங்க, சொல்லுங்க.”